பய்பாயின் எழுதிப் பழகிய ஏழு மாதங்கள்

பிலிப்பீன்ஸில் ஆகஸ்ட் தேசிய மொழி மாதம். பள்ளிகளில் மட்டுமல்லாமல் மணிலாவை ஒட்டிய வணிக நகரமான மக்காத்தியின் அலுவலகக் கட்டடங்களிலும் அந்த மாதம் காகிதத் தோரணங்கள் தொங்கும். நான் தணிக்கை உதவியாளராக வேலை பார்க்கும் இடத்தில், சென்ற ஆகஸ்டில் ஒவ்வொருவரும் தம் பெயரை, நாட்டின் முக்கிய மொழியான தகாலோகின் பழைய எழுத்தான பய்பாயினில் எழுதி மேசையில் ஒட்ட வேண்டும் என்று அறிவித்தார்கள். இணையத்தில் கிடைத்த ஓர் எழுத்துருவை இறக்கி, என் பெயரை ரோமன் எழுத்துகளாக ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டி, திரையில் வந்ததை அப்படியே அச்செடுத்து ஒட்டினேன். இரண்டு நாள் கழித்துப் பயிற்சிக்கு வந்திருந்த கல்லூரி மாணவி ஒருவர் அதை வாய்விட்டுப் படித்தபோதுதான் நான் செய்து வைத்திருந்தது என்னவென்று தெரிந்தது. மரியா என்று எழுத நினைத்தவர் ம-அ-ர-இ-அ என்று எழுதிவைத்தால் எப்படியிருக்கும், அப்படித் திக்கித் திக்கி நின்றுகொண்டிருந்தது என் பெயர். அந்தத் தாளைக் கிழித்தெடுத்த அன்று மாலையே கையால் எழுதப் பழகுவது என்று முடிவு செய்தேன்.

எழுத்துகள் மொத்தம் பதினேழுதான். மூன்று உயிர், பதினான்கு மெய். தமிழ் வாசகருக்கு இதன் அமைப்பு அந்நியமாகத் தோன்றாது, ஏனெனில் இதுவும் பிராமி வழி வந்த குடும்பத்தைச் சேர்ந்ததே. ஒவ்வொரு மெய்யும் அகரம் ஏறியதாகவே நிற்கும். மேலே 'குட்லித்' எனப்படும் சிறு கீறலையோ புள்ளியையோ இட்டால் அது இகரமாகவோ எகரமாகவோ மாறும், கீழே இட்டால் உகரமாகவோ ஒகரமாகவோ மாறும். டகரத்துக்கும் ரகரத்துக்கும் ஒரே எழுத்து. இகரத்துக்கும் எகரத்துக்கும் வேறுபாடு இல்லாததால், மேசையைக் குறிக்கும் 'மெசா'வும் தேவாலய வழிபாட்டைக் குறிக்கும் 'மிசா'வும் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. பள்ளியில் எங்களுக்கு இதை 'அலிபாத்தா' என்று சொல்லிக் கொடுத்தார்கள். அது அரபு எழுத்துகளின் வரிசையைப் பார்த்து இருபதாம் நூற்றாண்டில் ஒருவர் சூட்டிய பெயர். பய்பாயின் என்பதே பழைய பெயர், எழுத்துக் கூட்டுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

முதல் இரண்டு வாரங்கள் மனப்பாடத்திலேயே கழிந்தன. மண்டலூயோங்கில் நான்கு பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் அறையிலிருந்து போனி நிலையத்துக்கு நடந்து, அங்கிருந்து எம்.ஆர்.டி. ரயிலில் அயாலா வரை நின்றுகொண்டே செல்லும் பயணத்தில், நிலையங்களின் பெயர்களையும் விளம்பரப் பலகைகளையும் மனத்துக்குள் பய்பாயினாக மாற்றிப் பார்ப்பேன். இரவில், அழைப்பு மையத்தில் வேலை பார்க்கும் அறைத்தோழர் பணிக்குக் கிளம்பிய பிறகு, அலுவலகத்தில் வீணாகும் கணக்குத் தாள்களின் பின்புறத்தில் எழுதுவேன். மூன்றாம் வாரத்தில் பதினேழு எழுத்துகளும் தடையின்றி வந்தன. ஆனால் அவற்றில் உயிர் இல்லை. பந்துமுனைப் பேனாவில் எல்லாக் கோடும் ஒரே தடிமனாக விழுந்து, அலைபோல் வளைய வேண்டிய 'ஹ' செத்த புழுவைப்போல் கிடந்தது.

நூற்றெண்பது பெசோவுக்குத் தூரிகைப் பேனா ஒன்று வாங்கினேன். அதோடு, 1593இல் மணிலாவில் அச்சான 'டொக்ட்ரினா கிறிஸ்தியானா' என்ற சமய வினாவிடை நூலின் பக்கப் படங்களை இறக்கி அதைப் பார்த்து எழுதத் தொடங்கினேன். அதில் ஸ்பானிய மொழியும், ரோமன் எழுத்தில் தகாலோகும், பய்பாயினில் தகாலோகும் உள்ளன. ஒரே செபம் இரண்டு எழுத்திலும் இருப்பதால் பயிற்சிக்கு அதைவிட நல்ல துணை வேறில்லை. அந்தப் பக்கங்களைப் படி எடுக்கத் தொடங்கிய பிறகுதான் நான் உண்மையான சிக்கலில் மாட்டிக்கொண்டேன்.

சொல்லின் இறுதியிலோ இடையிலோ தனி மெய் வந்தால் பழைய முறையில் அதை எழுதுவதே இல்லை. மலையைக் குறிக்கும் 'புந்தொக்' என்ற சொல்லை 'பு-தொ' என்று இரண்டு எழுத்தில் முடித்துவிடுவார்கள். மழை என்று பொருள்படும் 'உலன்', மேகம் என்று பொருள்படும் 'உலப்', சோற்றுடன் சேர்த்து உண்ணும் குழம்பு, கறி வகைகளுக்கெல்லாம் பொதுப் பெயரான 'உலம்' ஆகிய மூன்றும் 'உ-ல' என்றே எழுதப்படும். எண்ணில் ஒரு புள்ளி தவறினாலும் மீண்டும் கூட்டிப் பார்க்கும் தொழிலில் இருக்கும் எனக்கு இது பொறுக்கவில்லை. 1620வாக்கில், பிலிப்பீன்ஸின் இன்னொரு மொழியான இலோகானோவில் வினாவிடை நூலை அச்சிட்ட பிரான்சிஸ்கோ லோபெஸ் என்ற பாதிரியாருக்கும் பொறுக்கவில்லை போலும். அகரத்தை நீக்குவதற்கு எழுத்தின் கீழே சிறு சிலுவைக் குறி இடும் வழக்கத்தை அவர்தான் கொண்டுவந்தார். ஆனால் அந்த எழுத்தில் எழுதிப் பழகியிருந்த மக்கள் அதை ஏற்கவில்லை. இன்று இதைக் கற்பவர்களில் பெரும்பாலோர் அந்தச் சிலுவையை இட்டே எழுதுகிறார்கள். நானும் முதலில் மகிழ்ச்சியோடு அதைப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் நிறுவனத்தின் சென்னைக் கிளையில் இருக்கும் சக ஊழியர் ஒருவரிடம், வாராந்தர அழைப்பு முடிந்தபின் இதைச் சொன்னேன். தமிழில் மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்றும், ஆனால் பனையோலையில் எழுதியவர்கள் ஓலை கிழிந்துவிடும் என்று அந்தப் புள்ளியை இடாமலே விட்டுவிடுவார்கள் என்றும், படிப்பவர்கள் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்றும் அவர் சொன்னார். அதுவரை பழைய முறையை ஒரு குறையாகவே எண்ணியிருந்தேன். குறி இருந்தும் இடாமல் எழுதியவர்கள் வேறு இடத்திலும் இருந்திருக்கிறார்கள் என்பது எனக்குச் செய்தியாக இருந்தது.

ஆகவே ஒரு சோதனை செய்து பார்த்தேன். இதற்குள் என்னோடு சேர்ந்து எழுத்துகளைக் கற்றுக்கொண்டிருந்த அறைத்தோழரிடம், பழைய முறையில் எழுதிய இருபது தனிச் சொற்களைக் கொடுத்தேன். ஏழைத்தான் சரியாகப் படித்தார். அதே சொற்களை வாக்கியங்களில் வைத்துக் கொடுத்தபோது பதினெட்டு சரியாக வந்தன. கடைக்குப் போகிறவருக்கான சீட்டில் 'உ-ல' என்று எழுதியிருந்தால் அது குழம்புதான், மழையை வாங்கிவர யாரும் ஆளனுப்புவதில்லை. ஒருவரை வைத்துச் செய்த சோதனைக்குத் தணிக்கையில் மதிப்பில்லை என்றாலும், அன்று முதல் இரண்டு குறிப்பேடுகள் வைத்துக்கொண்டேன். ஒன்றில் சிலுவையுடனும் மற்றொன்றில் சிலுவை இல்லாமலும் எழுதினேன்.

நவம்பர் முதல் நாள், கல்லறைகளுக்குச் சென்று விளக்கேற்றும் திருநாளுக்காக, லகுனா மாகாணத்தில் இருக்கும் என் ஊரான லும்பானுக்குச் சென்றேன். புவெந்தியாவில் பேருந்து ஏறி சாந்தா குரூஸில் இறங்கி, அங்கிருந்து ஜீப்னி என்னும் பகிர்வு வண்டியில் போக வேண்டும். எங்கள் ஊர் ஆற்று முகத்துவாரத்தில் மணல் வாரியபோது 1989இல் ஒரு செப்பேடு கிடைத்தது. கி.பி. 900ஆம் ஆண்டு தேதியிட்ட அந்த ஏடு, நம்வாரன் என்பவரின் குடும்பம் பட்டிருந்த பொற்கடன் தீர்ந்துவிட்டது என்று சான்றளிக்கிறது. நாட்டிலேயே மிகப் பழைய தேதியிட்ட ஆவணம் ஒரு கணக்கு முடிப்புச் சான்றிதழ் என்பதில் என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு இரகசியப் பெருமை உண்டு. ஆனால் அது பய்பாயின் அல்ல, பல்லவ எழுத்தின் வழிவந்த, 'கவி' எனப்படும் பழைய ஜாவானிய எழுத்து. சிறுவயதில் அந்த ஆற்றில் நான் குளித்திருக்கிறேன், ஏட்டையோ மணிலாவின் தேசிய அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால்தான் பார்த்தேன்.

அந்த விடுமுறையில் மூங்கிலிலும் எழுதிப் பார்த்தேன். மிண்டோரோ தீவின் ஹனுநோ மங்யான் மக்கள் பய்பாயினின் உறவெழுத்து ஒன்றை இன்றும் காத்து வருகிறார்கள். வரிக்கு ஏழு அசை கொண்ட 'அம்பஹான்' பாடல்களைக் கத்திமுனையால் மூங்கிலில் செதுக்கி வைக்கிறார்கள். நான் மாமாவின் தோட்டத்திலிருந்து ஒரு கணுவை வெட்டி, பேனாவில் எழுதுவதுபோலவே கத்தியை என் பக்கமாக இழுத்து, மூன்றாம் எழுத்திலேயே கட்டைவிரலை அறுத்துக்கொண்டேன். அவர்கள் கத்தியை உடம்பிலிருந்து விலக்கி, கீழிருந்து மேலாகச் செதுக்குவார்கள் என்று படித்திருந்தும், ஏன் அப்படி என்பது இரத்தம் வந்த பிறகே விளங்கியது. மூங்கில் முயற்சி அத்தோடு நின்றது.

டிசம்பரில் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் வந்தது. ஊருக்கு அனுப்பியது போக மீதியில் பட்டு நூலும் சிறு பஸ்திதோரும், அதாவது துணியை இறுக்கிப் பிடிக்கும் பூத்தையல் சட்டமும், வாங்கினேன். லும்பான் பூத்தையலுக்குப் பெயர்போன ஊர். பாரோங் சட்டைகளுக்கு மலர் வேலை செய்யும் வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு, என் தாயாரும் முப்பது ஆண்டுகளாகப் பூத்தையல்காரர். அன்னாசி இலை நாரால் நெய்த 'பிஞ்ஞா' துணியின் வெட்டுத்துண்டு ஒன்றை அவர் பெட்டியிலிருந்து எடுத்து, ஊரின் பெயரைச் சிலுவைக் குறியுடன் தைக்கத் தொடங்கினேன். 'லு' எழுத்தின் கீழே ஒரு குட்லித், 'ம்'முக்கும் 'ன்'னுக்கும் இரண்டு சிலுவைகள். குட்லித்துக்கு முடிச்சுத் தையல் போட்டு நூலை இழுத்தபோது, நார் விலகிக் கடுகளவு ஓட்டை விழுந்தது. முதல் சிலுவையில் ஓட்டை இன்னும் பெரிதாயிற்று. சென்னைச் சக ஊழியர் சொன்ன பனையோலை அப்போது நினைவுக்கு வந்து, சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு தனியே சிரித்தேன்.

அம்மா திட்டவில்லை. "பிஞ்ஞாவில் பழகுவார்களா, அனாக்?" என்று மட்டும் கேட்டார். அனாக் என்றால் பிள்ளை. மலிவான, நெசவு நெருக்கமான ஹூசித் துணியைக் கொடுத்தார். கிறிஸ்துமஸுக்கு முந்திய ஒன்பது நாள்களும் விடியற்காலை வழிபாடு நடக்கும். விடுப்பு கிடைத்த கடைசி நான்கு நாள்களில், வழிபாடு முடிந்து, தேவாலய வாசலில் வாங்கிய பிபிங்கா என்னும் சூடான அரிசி அப்பத்தைத் தின்றுவிட்டு, வெளிச்சம் வரும்வரை வாசலில் உட்கார்ந்து தைத்தேன். இந்த ஏழு மாதங்களில் அதிகம் கற்றது அந்த நான்கு விடியல்களில்தான். தூரிகையில் ஒரே வீச்சில் வரும் வளைவை, ஊசியில் முப்பது சிறு தையல்களாகப் பிரித்துக்கொள்ள வேண்டும், வளைவின் உட்புறத்தில் தையலை நெருக்கி வெளிப்புறத்தில் சற்று விரிக்க வேண்டும். நூலை எங்கே இறுக்குவது, எங்கே விடுவது என்பதை அம்மா சொல்லால் விளக்கவில்லை, என் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினார்.

ஜனவரியில் ஆண்டுக் கணக்கு முடிப்பு வேலை தொடங்கிவிட்டது. வருமானவரிப் படிவத்துக்கான ஏப்ரல் 15 கெடு வரை எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதே பெயரளவில்தான். ஒரு முழு எழுத்துக்கு மூன்று வாரம் ஆனது.

தைப்பதற்கு அப்போது நான் தேர்ந்தெடுத்த சொல் 'நனய்', அதாவது அம்மா. உயிர் இரண்டும் அகரம் என்பதால் குட்லித் தேவையில்லை, பழைய முறையில் எழுதினால் இறுதி யகரமும் இல்லை. துணியைக் கிழிக்கும் ஒரு புள்ளிகூட இல்லாமல் 'ந-ந' என்று இரண்டே எழுத்து: மேலே ஒரு படுக்கைக் கோடு, அதிலிருந்து கீழிறங்கும் ஒரு வளைவு, மீண்டும் அதே. பிப்ரவரியின் இரண்டாம் ஞாயிறன்று அதை ஊருக்கு எடுத்துச் சென்றேன்.

அம்மாவுக்குப் பய்பாயின் படிக்கத் தெரியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, முதலில் பின்புறத்தைத் திருப்பி முடிச்சுகளைச் சரிபார்த்தார். பிறகு, "என்ன எழுதியிருக்கிறாய்?" என்று கேட்டார். "உங்களைத்தான்" என்றேன்.

"ஒரே எழுத்தை இரண்டு முறை போட்டிருக்கிறாயா?"

"ஆமாம், ஒரே எழுத்துதான்."

"அப்படியானால் இரண்டாவது ஏன் ஒல்லியாக இருக்கிறது?"

ஜனவரியில் தூக்கக் கலக்கத்தோடு தைத்த எழுத்து அது. நான் பதில் சொல்வதற்குள் அம்மா சிறு கத்தரியை எடுத்து, இரண்டாவது எழுத்தின் நூலை மட்டும் ஒவ்வொரு தையலாக வெட்டிப் பிரித்து, துணியை மீண்டும் பஸ்திதோரில் இறுக்கி என் மடியில் வைத்தார். முதல் எழுத்து நன்றாக இருப்பதாகச் சொன்னார். கடைசிப் பேருந்துக்கு இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது.