கிராங்க் புல்லி கழற்றுகிறேன் – மண்டபத்திலிருந்து

மே 5

ஏப்ரல் 15-லிருந்து தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கிறது. நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவரும் நண்டும் கொஞ்சம் மீனும்தான் நம் பிக்கப்புக்கு லோடு. ஜூன் 14 வரை இப்படித்தான். வண்டிக்குச் செய்யவேண்டியதை இப்போதே செய்தால்தான் உண்டு.

பானெட்டைத் திறந்து ஐடிலில் ஓடவிட்டுப் பார்த்தேன். எஞ்சினின் முன்முனையில் பெல்ட்டை ஓட்டும் கிராங்க் புல்லி தலையாட்டுகிறது, பெல்ட்டும் கூடவே ஆடுகிறது. எஞ்சினை நிறுத்தி, நடு ஹப்பிலிருந்து வெளிவளையம் வரை நேராக ஒரு கோடு போட்டேன். பெயிண்டுக்குப் பதில் மகளின் நகப்பூச்சு, நல்ல சிவப்பு. உச்சிப்புளி வரை போய்வந்து பார்த்தால் வெளிவளையத்துக் கோடு ஒரு விரல்கடை நகர்ந்து நிற்கிறது. நடுவிலுள்ள ரப்பர் பிடியை விட்டுவிட்டது, சந்தேகமே இல்லை.

மே 6

மச்சான் படகு எஞ்சின் பார்க்கிறவன். "புல்லிதான மச்சான், நாலு எடத்துல வெல்டு வச்சு ஓட்டு" என்றான்.

வெல்டு வைத்தால் ஆட்டம் நிற்கும், ஆனால் அந்தச் சாமான் இருக்கிற காரணமே போய்விடும். நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. 3000 ஆர்.பி.எம்.மில் ஓடினால் நொடிக்கு 100 அடி. ஒவ்வொரு அடிக்கும், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் கண்ணுக்குத் தெரியாத அளவு முறுக்கி, திரும்பி வரும். அந்த அடியும் ஷாஃப்ட்டின் இயல்பான அதிர்வும் ஏதோ ஒரு வேகத்தில் ஒத்துப்போனால் முறுக்கம் ஏறிக்கொண்டே போகும். நாளடைவில் ஷாஃப்ட் முறியவும் செய்யும். கனமான வெளிவளையம் தன் வேகத்திலேயே சுற்றப் பார்க்கும். இடையிலுள்ள ரப்பர் நசுங்கி நிமிர்ந்து, அந்த அதிர்வைச் சூடாக மாற்றி வெளியே விட்டுவிடும். ஹார்மோனிக் பேலன்சர் என்று பெட்டியில் அச்சடித்து விற்பது இதைத்தான். வெல்டு அந்த ரப்பரைக் கருக்கிவிடும்.

அவனுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. சோம்பல்.

மே 7

முதலில் பேட்டரி நெகட்டிவ். அடுத்து ரேடியேட்டர், ஃபேன், பெல்ட். இதெல்லாம் காலை வேலை. கத்திரி வெயில் ஏறுவதற்குள் முடிந்தது.

பிறகு நடு போல்ட். கடற்கரையில் நிற்கிற வண்டி. கருவாட்டில் உப்பு ஏறுவது போல வாஷருக்கு அடியில் துரு ஏறியிருக்கிறது. டாப் கியர் போட்டு, மச்சானை பிரேக்கில் உட்கார வைத்து, பாக்ஸ் ஸ்பேனர் கைப்பிடியில் மூன்றடி ஜி.ஐ. பைப்பைச் செருகி மிதித்தேன். அசையவில்லை. துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்துவிட்டு விட்டுவிட்டேன். ராத்திரி முழுக்க ஊறட்டும்.

கைப்பிடியை சேசிஸில் முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரைத் தட்டினால் போல்ட் கழன்றுவிடும் என்று ஒரு வித்தை உண்டு. கழலவும் செய்யும். ஸ்பேனர் நழுவினால் ரேடியேட்டரோ யாருடைய முழங்கையோ போகும். நான் செய்வதில்லை.

மே 8

விடிகாலையில் அதே பைப், ஒரே மிதி. 'டக்' என்று விட்டது.

இனி புல்லர். பேரிங் இழுக்கிற மூன்று கால் புல்லர் வீட்டிலேயே இருக்கிறது, ஆனால் அது வெளிவளையத்தைத்தான் கவ்வும். இழுத்தால் வளையம் மட்டும் கையோடு வரும், ஹப் ஷாஃப்ட்டிலேயே நிற்கும். ஹப்பில் மரை போட்ட துளைகள் இருக்கின்றன; அதில் போல்ட் பூட்டி இழுக்கிற தகடுதான் சரி. ராமநாதபுரம் லேத்துக்கார பாயிடம் அளவு கொடுத்தேன். "சாயங்காலம் வாங்க தம்பி" என்றார், சாயங்காலமே தந்தும்விட்டார். இது தனியாகக் குறித்துவைக்க வேண்டிய செய்தி.

மே 9

ஷாஃப்ட் முனை மரை கெடாமல் இருக்க ஒரு செம்புத் துண்டை வைத்து, புல்லரின் நடுத்திருகை மெல்ல முறுக்கினேன். மச்சான் சுத்தியலோடு நின்றான். "ரெண்டு தட்டு தட்டுனா வந்துரும்." தட்டுகிற அடி நேராக, கிராங்க் முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்குக்குப் போகும். கொடுக்கவில்லை. புல்லி தானாக நகர்ந்து வந்தது.

காரணம் பின்னால் இருந்தது. எஞ்சின் எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ஆயில் சீல் கசிந்து, புல்லியின் ரப்பரில் எண்ணெய் ஊறிப் பொதபொதவென்று ஆகியிருக்கிறது. சீல் உரசும் இடத்தில் ஹப்பைச் சுற்றி நகத்தில் தட்டுப்படும் பள்ளம். புது பேலன்சர் மட்டும் மாட்டி சீலை விட்டிருந்தால் அதுவும் இதே கதியாகும்.

மே 12

மதுரையிலிருந்து சாமான் வந்தது. பழையதோடு பக்கத்தில் வைத்து, பெல்ட் பள்ளம், உயரம், டைமிங் குறி மூன்றையும் ஒப்பிட்டேன். புது சீலை, ஸ்பிரிங் உள்ள உதடு உள்பக்கம் பார்க்க, கோணாமல் இறக்கினேன். உதட்டில் கொஞ்சம் எஞ்சின் ஆயில். ஹப்பை ஷாஃப்ட்டோடு பூட்டும் சாவியின் பள்ளத்தில் துளி சிலிக்கான், எண்ணெய் அந்த வழியாகவும் கசியும் என்பதால்.

பழைய போல்ட்டை வைத்தே இழுத்து ஏற்றலாம் என்று தோன்றும். ஆரம்பத்தில் அது இரண்டு மூன்று மரைதான் பிடிக்கும். இழுத்தால் கிராங்க் மரை உரிந்துவிடும். நீளமான ஸ்டட்டை உள்ளே ஆழமாகப் பூட்டி, வெளியே நட்டும் கனத்த வாஷரும் வைத்து ஏற்றினேன். கடைசியில் புது போல்ட், மேனுவலில் போட்ட டார்க் (முறுக்கும் அளவு), இரவல் டார்க் ரென்ச்.

மே 13

பாம்பன் பாலம் ஏறி இறங்கி வந்தேன். ஆட்டம் இல்லை, கசிவு இல்லை.

மச்சான் இப்போது அவன் பார்க்கும் ஆறு சிலிண்டர் படகு எஞ்சினில் இதே வேலை செய்யும் டேம்பரையும் கழற்றிப் பார்க்கலாமா என்கிறான். அது வேறு ரகம்: மூடிய கூட்டுக்குள் கெட்டியான சிலிக்கான் எண்ணெய், அதில் மிதக்கும் வளையம். உள்ளே திறந்து பார்க்க ஒன்றுமில்லை. கூடு நசுங்கினாலோ எண்ணெய் கசிந்தாலோ முழுதாக மாற்றவேண்டியதுதான். முதலில் கூட்டைத் துடைத்துவிட்டு நெளிவு இருக்கிறதா பார் என்று சொல்லியனுப்பினேன். போகும்போது என் புல்லர் தகட்டையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.