பழைய ஹோண்டா சிபிஆர் 250ஆர் பைக்: வாங்கும்போது பார்த்தது, வாங்கியபின் செய்தது

நெடுந்தூரம் போக ஒரு பழைய வண்டி வாங்கலாமா என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள் என்பதுதான். ஒரு லட்சம் இருந்தால் எழுபதாயிரத்துக்குள் வண்டி தேடுங்கள். மீதி முப்பதும் டயர், பிரேக், பேரிங், ரப்பர் ஐட்டங்களுக்குப் போய்விடும், போகவும் வேண்டும். பை, லைட், சார்ஜர் எல்லாம் அதற்கு அப்புறம்.

ஸ்போர்ட்ஸ் டூரர், அதாவது வேகமாகவும் நெடுந்தூரம் வசதியாகவும் போகிற பைக் என்றால் வெளிநாட்டில் பெரிய பெரிய வண்டிகளைச் சொல்வார்கள், ஹோண்டா எஸ்டி 1100, யமஹா எஃப்ஜேஆர் 1300 மாதிரி. நம் ஊரில் நடுத்தரக் குடும்பத்துக்காரன் வாங்கி, ஓட்டி, சர்வீஸும் செய்யக்கூடிய விலையில் அந்தக் குணம் உள்ள வண்டி என்று தேடினால் என் கணக்கில் முதலில் வருவது ஹோண்டா சிபிஆர் 250ஆர். 2011-ல் இங்கே வந்தது, நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு 2018-ல் பிஎஸ்4 (புகை வரம்பு விதி) வடிவத்தில் திரும்பி வந்தது, 2020-ல் பிஎஸ்6 வந்தபோது நின்றுபோனது. 249 சிசி ஒற்றை சிலிண்டர், லிக்விட் கூலிங், ஆறு கியர், 13 லிட்டர் டேங்க். பார்க்க ரேஸ் வண்டி மாதிரி இருந்தாலும் ஹேண்டில் உயரமாகத்தான் இருக்கும், முதுகு வளைய வேண்டியதில்லை. 80, 90-ல் நாள் முழுக்க அலுங்காமல் போகும், லிட்டருக்கு 30-க்கு மேல் கொடுக்கும், அதனால் ஒரு டேங்குக்கு 350 கிலோமீட்டர் தைரியமாகப் போகலாம். நான் வாங்கியது 2013 மாடல், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) உள்ளது. அப்போது ஏபிஎஸ் இல்லாத மாடலும் விற்றது, கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும், ஆனால் மழையில் மலை இறங்கப் போகிற வண்டிக்கு அந்த மிச்சம் வேண்டாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

முதலில் பேப்பர். வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே ஆர்சி (பதிவுச் சான்று) நம்பரை வாங்கி, வண்டி விவரம் காட்டும் அரசு ஆப்பான எம்பரிவாஹனில் போட்டுப் பார்த்துவிடுங்கள். தனியார் வண்டிக்கு ஆர்சி செல்லுபடியாவது பதிவான நாளிலிருந்து 15 வருடம். அப்படியானால் 2011, 2012 மாடல்களுக்கு 2026, 2027-ல் புதுப்பிக்க வேண்டும், ஆய்வுக்குக் காட்டி, கட்டணமும் பசுமை வரியும் கட்டி, ஐந்தைந்து வருடமாக நீட்டிக்கலாம். விலை பேசும்போது இந்தச் செலவைச் சேர்த்துப் பேசுங்கள், விற்பவர் தானாகச் சொல்ல மாட்டார். லோன் போட்டு வாங்கிய வண்டியா என்று பாருங்கள், ஆர்சியில் பைனான்ஸ் பெயர் இன்னும் இருந்தால் அவர்களிடம் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) கடன் முடிந்ததற்கான படிவம் 35-ம் வாங்கித் தரும்வரை முழுப் பணத்தைக் கொடுக்கக் கூடாது. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநில வண்டி என்றால் அங்கிருந்து என்ஓசி வாங்கப் படிவம் 28, இங்கே மறுபடி சாலை வரி, அலைச்சல். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் அந்தப் பக்கம் போகவில்லை. இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள்.

வண்டியைப் பார்க்கப் போனதும் முதலில் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வரும் முன் ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், ஆறவிட்டுத்தான் பார்க்க வேண்டும். குளிர்ந்த இன்ஜின் ஒரே செல்ஃபில் பிடிக்கிறதா, முதல் அரை நிமிடம் டைமிங் செயின் பக்கம் கரகரப்பு வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். அப்படியே ஐடிலில் விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருங்கள். சூடு ஏறி ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்ற வேண்டும், கொஞ்ச நேரத்தில் தானாக நிற்கவும் வேண்டும். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) துருநிறமாக இருந்தால் யாரோ குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். ஆயில் பார்க்கும் இடத்தில் பால் கலந்த மாதிரி தெரிந்தால் அந்த வண்டி வேண்டாம், பேரம்கூடப் பேச வேண்டாம்.

இந்த வண்டிக்கென்றே ஒரு பலவீனம் உண்டு, ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: ஸ்டியரிங் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங். முன் சக்கரம் தரையில் படாதபடி தூக்கி, ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுந்த மாதிரி பிடித்து நின்றால் கோன் செட் போய்விட்டது. இது வண்டியை ஒதுக்கும் காரணமல்ல, விலையைக் குறைக்கும் காரணம். மாற்றும்போது பழையபடி பால் பேரிங்கே போடாமல் டேப்பர் ரோலர் (குண்டுக்குப் பதில் கூம்பு உருளை உள்ள) பேரிங் போடச் சொல்லுங்கள், வேலை செய்யத் தெரிந்த மெக்கானிக்கிடம் மட்டும். இறுக்கம் கூடினாலும் வண்டி நேராகப் போகாமல் அலையும், குறைந்தாலும் பிரேக் பிடிக்கும்போது டக்டக் என்று ஆடும்.

விழுந்த வண்டியா என்பதை ஃபேரிங்கை (வண்டியை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறை) பார்த்து முடிவு செய்யாதீர்கள், பெயின்ட் அடித்துவிடலாம். ஹேண்டிலை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் போய் முட்டும் இடம் ஒன்று சேஸிஸில் இருக்கும், அது நசுங்கியிருக்கிறதா பாருங்கள். ஃபோர்க் குழாயில் ஆயில் கசிவு, டிஸ்க்கின் தடிமன் (குறைந்தபட்ச அளவு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும்), இதெல்லாம் இரண்டு நிமிட வேலை. ஏபிஎஸ் விளக்கு சாவி போட்டதும் எரிந்து, வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் பிடித்ததும் அணைய வேண்டும். சாவி போட்டபோதே எரியவில்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம். சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள், ஏபிஎஸ் யூனிட் வாங்கிப் போட்டால் வண்டி விலையில் பெரும் பங்கு அதற்கே போகும்.

வாங்கி வந்ததும் நான் முதலில் கைவைத்தது டயரில். பட்டன் (தரையில் படும் பக்கத்து வரிகள்) நன்றாக இருந்தது, ஆனால் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் 3216 என்றிருந்தது, 2016-ஆம் வருடம் 32-ஆவது வாரம் செய்த டயர். அத்தனை வருடம் ஆன ரப்பர் ஈரத் தாரில் பிடிக்காது. முன்னால் 110/70, பின்னால் 140/70, இரண்டும் 17 இஞ்ச், இந்த அளவில் நல்ல ரேடியல் டயர்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. பிறகு செயின் ஸ்ப்ராக்கெட் முழு செட், பிரேக் பேட், கூலன்ட், இன்ஜின் ஆயில், ஏர் ஃபில்டர், ஃபோர்க் ஆயில், சீல்.

பிரேக் ஆயிலை மாற்றும்போது மட்டும் பக்கத்திலேயே நின்றேன். இந்த வண்டியில் இருப்பது சி-ஏபிஎஸ், பின் பிரேக்கை மிதித்தால், முன் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரில் உள்ள மூன்று பிஸ்டனில் ஒன்றும் சேர்ந்து பிடிக்கும். அதனால் பின் பிரேக் லைன் முன் சக்கரம் வரை போகிறது, அதில் சிக்கிய காற்றையும் சேர்த்து வெளியே எடுக்க வேண்டும். சாதாரண வண்டி மாதிரி பின்னால் மட்டும் எடுத்துவிட்டு அனுப்பினால் மிதி பஞ்சு மாதிரி இருக்கும்.

இன்னொன்று பெட்ரோல். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, 2013-ல் இந்த வண்டி செய்தபோது அப்படி இல்லை. பெட்ரோல் ஹோஸையும் பம்ப் பக்கத்து ஓ-ரிங்கையும் வயதைக் கருதியே மாற்றிவிட்டேன். மாதக்கணக்கில் டேங்கில் பெட்ரோலோடு நிறுத்தி வைப்பதில்லை.

உதிரிபாகம் பற்றி ஒரு வார்த்தை. தயாரிப்பு நின்ற மாடல் என்பதால் ஃபேரிங் துண்டுகளும் ஹெட்லைட்டும் உடனே கிடைக்கும் என்று நம்ப முடியாது. கிளட்ச் கேபிள், லீவர்கள், ஃபியூஸ் எல்லாம் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புதிய கிளட்ச் கேபிளைப் பழையதன் கூடவே அதே வழியில் விட்டு, இரு முனையையும் டேப் சுற்றிக் கட்டிவிட்டேன். வழியில் அறுந்தால் டேங்கைக் கழற்றாமல் மாட்டிக்கொள்ளலாம்.

இனி சாமான். சைலன்சர் வலப்பக்கம் தடியாக மேல்நோக்கி இருக்கும், சேடில் பேக் தொங்கினால் அதில் பட்டு உருகும், ஆகவே பக்கவாட்டுக் கம்பி அடித்துத்தான் மாட்ட வேண்டும். தனியாகப் போகிறவருக்கு பின்சீட்டில் கட்டும் டெயில் பேக்கும் சின்ன டேங்க் பேக்கும் போதும். கனமான டூல், செயின் ஸ்ப்ரே, பஞ்சர் கிட், பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் எல்லாம் அடியில், முன்பக்கமாக. மேலே உயரமாக அடுக்கினால் கொண்டை ஊசி வளைவில் வண்டி இழுக்கும்.

லைட் விஷயத்தில் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். ஹாலஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் எல்இடி பல்பைச் செருகினால் வெளிச்சம் சிதறி எதிரே வருகிறவர் கண்ணைக் குத்தும், நமக்கும் ரோடு சரியாகத் தெரியாது. நான் அதே 60/55 வாட் பல்பை வைத்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து ரிலேயும் (பேட்டரி மின்சாரத்தை நேராக பல்புக்கு விடும் கருவி) தடித்த வயரும் போட்டேன். பழைய சுவிட்ச் வழியாக வந்தபோது வோல்டேஜ் குறைந்தது, இப்போது முழுதாகக் கிடைக்கிறது, வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. உயரமான வைசர் ஒன்று போட்டேன், நெஞ்சில் அடிக்கும் காற்று குறைந்தது. சீட்டில் ஃபோம் மாற்றித் தைத்தது உள்ளூர்க் கடையில்தான். ஹேண்டிலை உயர்த்தும் ரைசர் வேண்டாம் என்று விட்டுவிட்டேன், கேபிளும் பிரேக் ஹோஸும் இழுபடும்.

எல்லாம் ஆனபின் முழுச் சுமையோடு ஆழியாறு வழியாக வால்பாறை ஏறி இறங்கினேன். நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறும்போது இரண்டாவது கியரில் சுகமாக வந்தது. இறங்கும்போதுதான் பின்பக்கம் கொஞ்சம் துள்ளுவது தெரிந்தது. வீட்டுக்கு வந்து பின் ஷாக்கின் ப்ரீலோடை (ஸ்பிரிங்கின் ஆரம்ப இறுக்கம்) கூட்டினேன், சுமையோடு ஒரு ஆளை உட்கார வைத்து ஹெட்லைட்டைச் சுவரில் அடித்து உயரத்தைச் சரிசெய்தேன், துள்ளல் பாதியாகக் குறைந்தது. மீதிக்குக் காரணம் ஷாக்கின் வயதுதான், அதைப் பிரித்து ஆயில் மாற்றித் தர ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.