அம்மா வீட்டு பாத்ரூம்ல கைப்பிடி வெச்ச கதை

போன வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம் அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. எலும்பு முறியல, இடுப்புல ரத்தக்கட்டு மட்டும்தான், ஆனா அதுக்கப்புறம் குளிக்கவே பயப்பட ஆரம்பிச்சிட்டாங்க, கதவைத் தாழ்ப்பாள் போடாமதான் குளிப்பாங்க, நான் ஆபீஸ்லேந்து போன் பண்ணி "குளிச்சாச்சா"ன்னு கேட்டு பதில் வந்தாதான் எனக்கு வேலையே ஓடும். அவங்களுக்கு 72 வயசு, சிங்கப்பூர் தோ பாயோல, எச்டிபின்னு சொல்ற அரசாங்க அடுக்குமாடியில நாலு ரூம் வீட்ல தனியா இருக்காங்க. எங்க வீட்டுக்கு வந்துடுங்கன்னா வரமாட்டாங்க, 40 வருஷமா இருக்கிற ப்ளாக்காச்சே.

மூத்தவங்க இருக்கிற எச்டிபி வீட்ல கைப்பிடி மாதிரி பாதுகாப்பு வசதிகளை அரசாங்க உதவியோட வெச்சுக் குடுக்குற ஈஸ் திட்டம் பத்தி எனக்கு சொன்னது ஒரு தொண்டூழியர் அக்கா. ப்ளாக்குக்குக் கீழ திறந்த தளத்துல, அதான் வாய்ட் டெக்ல, இருக்கிற மூத்தோர் சென்டர்லேந்து வீடு வீடா வந்து விசாரிப்பாங்க இல்லயா, அவங்கதான். 2012லேந்தே இருக்குற திட்டமாம், எனக்கு இத்தனை வருஷமா தெரியாம போச்சேன்னு நெஜமாவே வருத்தமா இருந்துச்சு. வழுக்காத மாதிரி டைல்ஸுக்கு ஒரு பூச்சு, கைப்பிடிக் கம்பி, சாய்தளம் இதெல்லாம் முன்னாடியே இருந்திருக்கு, 2024 ஏப்ரல்லேந்து மடக்கி வைக்கிற குளியல் நாற்காலி, வீட்டுக்குள்ள பிடிச்சு நடக்க கம்பி எல்லாம் சேத்திருக்காங்க. வீட்ல 65 வயசு தாண்டின சிங்கப்பூரர் ஒருத்தர் இருந்தா போதும். 60லேந்து 64க்குள்ளன்னா குளிக்கிறது, உடுத்துறது, நடக்குறது மாதிரி அன்றாட காரியம் ஏதாவது ஒண்ணுக்காவது அடுத்தவங்க உதவி தேவைப்படணும். காசு விஷயம், மூணு ரூம் வரைக்கும் 5 சதவீதம், நாலு ரூமுக்கு 7.5, அஞ்சு ரூமுக்கு 10 நாம கட்டணும். அதாவது எங்க வீட்டுக்கு ஆயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வேலைன்னா 75 வெள்ளிதான், மிச்சத்தை அரசாங்கம் பாத்துக்குது.

விண்ணப்பம் பெரிய விஷயமே இல்ல. வீடு அம்மா பேர்ல இருக்கறதால அவங்க சிங்பாஸ், அதாவது அரசாங்க சேவைக்கு ஆன்லைன்ல நுழையற கணக்கு, வேணும், அது அவங்க போன்ல இல்ல, சமூக மன்றத்துல போய் அதுக்கு உக்காந்துட்டு வந்ததுதான் ஒரு சனிக்கிழமை போச்சு. கஷ்டம் அம்மாவை ஒத்துக்க வெக்கிறதுதான். "வீட்டை ஆஸ்பத்திரி மாதிரி ஆக்காதடி, யாராவது வந்து பாத்தா என்ன நினைப்பாங்க"ன்னு ஒரே பிடிவாதம். நான் பேசிப் பேசி நடக்கல, அந்த தொண்டூழியர் அக்கா வந்து உக்காந்து காப்பி குடிச்சிட்டு தன் மாமியார் வீட்ல வெச்சதைப் பத்தி சும்மா பேசிட்டுப் போனாங்க, மறுநாள் அம்மாவே "எப்போ வருவாங்க"ன்னு கேட்டாங்க. வெளியாள் சொல்றதுக்கு ஒரு மதிப்பு இருக்குங்க, அதுவும் அதே வயசுக்காரங்களோட கதையா இருந்தா.

இதை படிக்கிறவங்க ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சிக்கணும்னா இதைத்தான் சொல்வேன், அளவெடுக்க ஆள் வர்ற அன்னிக்கு லீவு போட்டுட்டு வீட்ல இருங்க. நான் இல்ல. வந்த பையன் பொதுவா எங்க வெப்பாங்களோ அங்க குறிச்சிட்டு "ஓகேவா ஆண்ட்டி"ன்னு கேட்டிருக்கான், இவங்களும் எல்லாத்துக்கும் ஓகே ஓகேன்னு தலையாட்டியிருக்காங்க. சாயங்காலம் போய் பாத்தா டாய்லெட் பக்கத்துல கம்பிக்கான குறி வலது கைப்பக்கம். அம்மாவுக்கு வலது தோள்பட்டை இறுக்கம், கையை ஊன்றி எழுந்திரிக்கவே முடியாது! மறுநாளே போன் பண்ணி திரும்ப வரச் சொன்னேன், நல்லவேளை ஒண்ணும் சொல்லாம வந்தாங்க. அதுக்குள்ள நானும் அம்மாவும் ஒரு வேலை செஞ்சோம், அம்மா நிஜமாவே உக்காந்து எழுந்திரிச்சாங்க, குளிக்கிற இடத்துல திரும்பினாங்க, வாசல் படியைத் தாண்டினாங்க, ஒவ்வொரு தடவையும் கை தானா எங்க போய் சுவத்தைத் தேடுதோ அங்க மாஸ்கிங் டேப் ஒட்டினேன். அஞ்சு இடம் வந்துச்சு. அதுல ரெண்டு நான் கனவுல கூட யோசிச்சிருக்க மாட்டேன், ஒண்ணு தண்ணிக் குழாயைத் திறக்க குனியுற இடம், இன்னொண்ணு வெளிய வந்து துண்டு எடுக்குற இடம். விழுந்ததே அந்த துண்டு எடுக்கும்போதுதான்னு அப்பதான் சொல்றாங்க.

மாட்டுற வேலை ஒரே காலைல முடிஞ்சிடுச்சு. தூசியும் சத்தமும் இருக்கும், சமையல் சாமானை மூடி வெச்சிடுங்க. தரைப்பூச்சு போட்டப்புறம் டைல்ஸ் பாக்க அப்படியேதான் இருக்கும், அம்மா "ஒண்ணுமே பண்ணலையே"ன்னாங்க, தண்ணி ஊத்தி கால் வெச்சப்புறம்தான் பிடிமானம் தெரிஞ்சுது. சோப்பு நுரை படிஞ்சு படிஞ்சு ஏடு கட்ட விடக்கூடாது, தேய்ச்சுக் கழுவணும், இல்லன்னா போட்ட பூச்சு வீணாயிடும்.

வீட்டு வேலை முடிஞ்சதும் மார்க்கெட் போற வழியும் மனசுல வந்துச்சு. அங்க சிக்னல்ல பச்சை மனிதன் ப்ளஸ் இருக்கு, மூத்தோர் சலுகை அட்டையைத் தட்டினா ரோட்டோட அகலத்தைப் பொறுத்து 3லேந்து 13 வினாடி வரைக்கும் கூடுதலா பச்சை விளக்கு எரியும், அம்மா இத்தனை நாள் அது பஸ் அட்டைன்னு மட்டும் நினைச்சிட்டு பாதி ரோட்ல ஓடிட்டு இருந்திருக்காங்க. ரெண்டு வாரம் கூடவே நடந்து பழக்கினேன், இப்ப அவங்களே தட்டிட்டு நிதானமா போறாங்க.

எதிர் வீட்டு சீன ஆண்ட்டிக்கு 80 தாண்டிடுச்சு, அம்மாவும் அவங்களும் மலாய்லதான் பேசிக்குவாங்க. போன வாரம் அம்மா அவங்களை பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் கம்பியைப் பிடிச்சு உக்காந்து எழுந்திரிக்க வெச்சிருக்காங்க. அவங்க பையன் அன்னிக்கு ராத்திரியே விண்ணப்பிச்சுட்டாராம். மிச்சமிருந்த டேப் ரோலை அம்மா அவர்கிட்ட குடுத்துட்டாங்க.