பகல் வெளிச்சத்தில் ஓர் இருண்ட படம்

ஆடிக் காற்று தொடங்கிவிட்டால் இலங்கை மலையகத்தின் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பிற்பகல் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி லயத்து வாசலை மறைத்துவிடும். கடந்த கிழமை அப்படியொரு பிற்பகலில், கிறிஸ்டோபர் நோலன் இயக்கி 2008 ஜூலையில் வெளிவந்த, முகமூடி நாயகன் பேட்மேனின் கதையான 'தி டார்க் நைட்' படத்தை மறுபடியும் பார்த்தேன். பல தடவை பார்த்த படம்தான் என்றாலும் இந்தத் தடவைதான் ஒன்று பிடிபட்டது. இருண்ட படம் என்று எல்லோரும் சொல்லும் இந்தப் படத்தில், நம்மை உலுக்கும் காரியங்கள் பல நல்ல வெளிச்சத்திலேயே நடக்கின்றன.

தொடக்கத்தில் வரும் வங்கிக் கொள்ளை பட்டப்பகலில் நடக்கிறது. முகமூடி அணிந்த கொள்ளையர் ஒருவரையொருவர் கொன்றுகொண்டே வர, கடைசியில் எஞ்சி நிற்பவன் படத்தின் வில்லன் ஜோக்கர். பொலிஸ் ஆணையாளரின் இறுதி ஊர்வலத்தில் துப்பாக்கி வெடிப்பதும் மருத்துவமனை தகர்வதும் பகலில்தான். ஒளிப்பதிவாளர் வாலி ஃபிஸ்டர் அந்தக் கொள்ளை உட்பட ஏறத்தாழ 28 நிமிடக் காட்சிகளை, மாபெரும் திரைகளுக்கென்றே செய்த ஐமேக்ஸ் கமெராவில் எடுத்தார். பெரிய கதைப்படம் ஒன்றின் பகுதிகளுக்கு அந்தக் கனத்த கமெராவைப் பயன்படுத்தியது அதுவே முதல் தடவை.

விசாரணை அறைக் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். முதலில் மேசை விளக்கு மட்டும் எரிகிறது. ஜோக்கரை விசாரிக்கும் பொலிஸ் அதிகாரி கோர்டன் எழுந்து வெளியே போகிறார். அறை விளக்குகள் சட்டென்று எரியும்போது ஜோக்கருக்குப் பின்னால் பேட்மேன் நிற்கிறான். இருட்டில் பதுங்கி நின்று எதிரியைக் கலங்கடிப்பதற்காகவே செய்துகொண்ட அந்தக் கறுப்புக் கவசம், கண் கூசும் வெளிச்சத்தில் வெறும் உடுப்பாகத் தெரிகிறது. எதிரே இருப்பவனுடைய நெற்றிச் சுருக்கங்களில் வெள்ளைப் பூச்சு வெடித்துக் கிடக்கிறது. ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜர் முகத்தைச் சுருக்கிப் பிடித்திருக்கும்போதே பூச்சைப் பூசியதால் வந்த வெடிப்பு அது. பேட்மேன் அடிக்க அடிக்க அவன் சிரிக்கிறான். அடிக்கும் கை வலுவானதுதான், ஆனாலும் அது அங்கே செல்லுபடியாகவில்லை என்பதை வசனமின்றியே அந்த வெளிச்சம் சொல்லிவிடுகிறது.

வெளிச்சத்தில் காட்டுவதென்று முடிவெடுத்தால் பொய்யை ஒளித்து வைக்க இடமில்லை. அதனால்தான் நோலன் கணினிச் சித்திரங்களைக் குறைத்து, முடிந்தவற்றையெல்லாம் நேரில் செய்து எடுத்தார் என்று நினைக்கிறேன். கதை நடக்கும் கற்பனை ஊரான கோதம் நகரமாக நாம் பார்ப்பது பெரும்பாலும் சிக்காகோ. தகர்க்கப்பட்ட மருத்துவமனை, அங்கே கைவிடப்பட்டிருந்த பழைய மிட்டாய்த் தொழிற்சாலைக் கட்டடம். இரவுக் காட்சியாக இருந்தாலும், லாசால் வீதியில் நீண்ட லொறி குட்டிக்கரணம் போட்டுக் கவிழ்வதும் அப்படித்தான்: சிறப்புக் காட்சிகளுக்குப் பொறுப்பான கிறிஸ் கார்போல்டின் குழுவினர் வண்டிக்கு அடியில் உந்துதண்டு பொருத்தி, நிஜ லொறியையே தூக்கிக் கவிழ்த்தார்கள். ஹட்டன் வீதியின் வளைவுகளில் கொழுந்து லொறிகள் முக்கி முனகி ஏறுவதை நாள்தோறும் பார்க்கிற எனக்கு, அந்தக் கனம் நிஜமானது என்பதை ஒருவரும் எடுத்துச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

இசையும் இதே வழியில்தான் போகிறது. ஜோக்கருக்கென்று மெட்டு எதையும் இசையமைப்பாளர் ஹான்ஸ் ஸிம்மர் போடவில்லை. செலோ தந்தியில் ஒற்றை ஸ்வரம் இழுபட்டு இழுபட்டு இறுகிக்கொண்டே போகிறது. அந்த ஓசையைத் தேடி அவர் சவர அலகைத் தந்தியில் உரசிப் பார்த்ததும் உண்டு.

2009இல் டிவிடியில் இந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்தபோது அப்பா பக்கத்தில் இருந்தார். ஆங்கில வசனம் அவருக்குப் புரியாது. நான்தான் இடையிடையே சொல்லிக்கொண்டிருந்தேன். கூரை முட்ட அடுக்கிய காசுக் குவியலுக்கு ஜோக்கர் தீ வைத்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "காசுக்காகச் செய்யலன்னா, பின்ன எதுக்குடா தம்பி செய்யிறான்?" என்று கேட்டார். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டை விளக்கருகே பிடித்து வரி வரியாகக் கூட்டிப் பார்த்த மனிதர் அவர். படத்தில் வரும் கொள்ளைக் கூட்டத் தலைவர்களும் அதே கேள்வியோடுதான் விழித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்குக் கணக்குத் தெரியும், கணக்கில் அடங்காத ஒருவனை எதிர்கொள்ளத் தெரியாது. ஜோக்கர் தன் வாய்த் தழும்புக்கு இரண்டு இடங்களில் இரண்டு வெவ்வேறு கதைகள் சொல்கிறான். எது மெய்யென்று படம் கடைசிவரை காட்டிக்கொடுப்பதில்லை. குற்றப்படமாக இது இவ்வளவு காலம் நிலைத்திருப்பதற்கு இந்த மறைப்புத்தான் முதற்காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

குறையும் உண்டு. நேர்மையான வழக்குரைஞன் ஹார்வி டென்ட் வீழ்ந்து கொலைகாரனாவது தனிப்படமாகவே விரியத்தக்க கதை. கடைசிப் பகுதியில் அதை அவசரமாக முடித்துவிட்டார்கள். கைத்தொலைபேசிகளை வைத்து ஊரையே வேவு பார்க்கும் கருவியும் அதுவரை கட்டிக்காத்த மெய்த்தன்மையை உடைக்கிறது.

படம் வெளிவருவதற்கு முன்பே, 2008 ஜனவரி 22 அன்று, 28 வயதில் லெட்ஜர் இறந்துபோனார். மறு ஆண்டு அவருக்குரிய ஒஸ்காரை அவருடைய குடும்பத்தினர் மேடையேறி வாங்கினார்கள். கடந்த கிழமை, விசாரணை அறையில் விளக்கு எரிந்த அந்த நொடியில் படத்தை நிறுத்தி, அவர் முகத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே பனி ஜன்னலை மூடியிருந்தது.