2425 வரை செல்லும் ஒரு கையெழுத்து

என் அக்கா மகள் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மில்வாக்கி நகருக்கு அருகே வசிக்கிறாள். குடியுரிமை பெற்ற பிறகு, வருகிற நவம்பர் 3-ஆம் தேதிதான் அவள் முதன்முறையாக ஓர் ஆளுநர் தேர்தலில் வாக்களிக்கப் போகிறாள். சென்ற ஞாயிற்றுக்கிழமை அவள் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, எங்கள் சைதாப்பேட்டை வீட்டுக் கூடத்தில் அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா நிமிர்ந்து பார்த்து, "கவர்னருக்கு எதுக்குடா எலெக்‌ஷன்? டெல்லியிலிருந்துதானே அனுப்புவாங்க?" என்று கேட்டார்.

அம்மா அறியாமல் கேட்ட கேள்வி அல்ல அது. எங்கள் வீட்டிலிருந்து சின்னமலை வரை நடந்தால் ஆளுநர் மாளிகையின் பக்கம் வந்துவிடலாம். அந்த மதில், அதற்கு அப்பாலுள்ள மரங்கள், வாயிலில் நிற்கும் காவலர்கள் ஆகியவற்றைத்தான் இத்தனை ஆண்டுகளாக நாங்கள் ஆளுநர் என்று அறிந்திருக்கிறோம். அங்கு யார் வந்தாலும், யார் போனாலும் எங்கள் விரலில் மை வைத்ததில்லை. ஆட்டுக்குத் தாடியைப் போன்றது நாட்டுக்கு ஆளுநர் பதவி என்று அண்ணா சொன்னது இன்றும் இந்த ஊர் மேடைகளில் ஒலிக்கிறது. விஸ்கான்சினின் ஆளுநரோ தாடி அல்ல, ஆடே அவர்தான். வரவு செலவுத் திட்டத்தைக் கொடுப்பவரும், துறைத் தலைவர்களை நியமிப்பவரும், சட்டங்களில் கையெழுத்திடுபவரும் அவரே. நம் முதலமைச்சரின் வேலையையும், நம் ஆளுநரிடம் இருக்கும் அந்த ஒரே ஒரு பேனாவையும் சேர்த்து ஒருவரிடம் கொடுத்தால் எப்படியோ, அப்படி.

அந்த மாநிலத்தில் தேர்தல் என்பது எப்போதும் மயிரிழையில் முடிகிற சமாச்சாரம். 2016-இல் டிரம்ப் அங்கு 22,748 வாக்குகளில் வென்றார். 2020-இல் பைடன் 20,682 வாக்குகளில் வென்றார். 2024-இல் மீண்டும் டிரம்ப், 29,397 வாக்குகளில். 2018 ஆளுநர் தேர்தலில், பள்ளி ஆசிரியராக இருந்து மாநிலக் கல்வித் துறையின் தலைவரான டோனி எவர்ஸ், அப்போது பதவியிலிருந்த ஸ்காட் வாக்கரை 29,227 வாக்குகள் வித்தியாசத்தில் தோற்கடித்தார். நாம் இங்கே ஒரே ஒரு சட்டமன்றத் தொகுதியில் பார்த்துப் பழகிய வித்தியாசம் இது. அங்கே ஒரு மாநிலத்தையே தீர்மானிக்கிறது. ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த எவர்ஸ் 2022-இல் மீண்டும் வென்றார். விஸ்கான்சினில் இத்தனை முறைதான் போட்டியிடலாம் என்ற வரம்பு கிடையாது. இருந்தும் மூன்றாம் முறை நிற்கப்போவதில்லை என்று 2025 ஜூலையில் அறிவித்துவிட்டார். பதவியில் இருப்பவர் களத்தில் இல்லாத ஆளுநர் தேர்தல் 2010-க்குப் பிறகு இப்போதுதான் அங்கு நடக்கிறது. குடியரசுக் கட்சியில் மக்களவை உறுப்பினர் டாம் டிஃபானி முன்னணியில் நிற்கிறார். ஜனநாயகக் கட்சியில் இப்போதைய துணை ஆளுநர் சாரா ரோட்ரிகஸ், அவருக்கு முன் அப்பதவியிலிருந்த மண்டேலா பார்ன்ஸ் என்று பலர் இறங்கினார்கள். பெயர்களை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். எனக்கு இந்தத் தேர்தலில் ஆர்வம் வந்த காரணம் வேட்பாளர்கள் அல்லர், அந்தப் பேனா.

விஸ்கான்சினில் 1930-இல் கொண்டுவந்த அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, நிதி ஒதுக்கீடு செய்யும் மசோதாவை ஆளுநர் முழுதாக ஏற்கவோ மறுக்கவோ வேண்டியதில்லை. வேண்டாத பகுதியை மட்டும் அடித்துவிட்டு மீதிக்குக் கையெழுத்துப் போடலாம். எந்தக் கட்சி ஆளுநராக இருந்தாலும் இந்த அதிகாரத்தை இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். சொற்களின் நடுவே எழுத்துகளை அடித்துப் புதுச் சொற்களை உருவாக்கும் அளவுக்குப் போனபோது, 1990-இல் மக்கள் வாக்களித்து அதற்குத் தடை போட்டார்கள். பிறகு இரண்டு மூன்று வாக்கியங்களின் துண்டுகளை ஒட்டவைத்துப் புதிய வாக்கியம் செய்தார்கள். 2008-இல் அதற்கும் தடை வந்தது. எண்களைப் பற்றி மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

2023 ஜூலையில் எவர்ஸ் அந்த இடுக்கில் நுழைந்தார். பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகளான பள்ளி மாவட்டங்கள் ஒரு மாணவருக்கு எவ்வளவு வருவாய் திரட்டலாம் என்பதற்கு அங்கே உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பை "2023-24 பள்ளியாண்டுக்கும் 2024-25 பள்ளியாண்டுக்கும்" தலா 325 டாலர் உயர்த்தலாம் என்று, குடியரசுக் கட்சியின் கையிலிருந்த சட்டமன்றம் இரண்டே ஆண்டுகளுக்கு அனுமதி தந்திருந்தது. எவர்ஸ் சில சொற்களையும், சில எண்களையும், ஒரு சிறு கோட்டையும் அடித்தார். நான் இதை நம்பாமல், மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அந்த ஆங்கில வரியை எழுதிப் பென்சிலால் அடித்துப் பார்த்தேன். முதல் ஆண்டில் 2023-உம் அதன் பின்னுள்ள கோடும் அப்படியே நிற்கின்றன. அடுத்துள்ள 24-இல் தொடங்கி இரண்டாம் ஆண்டின் 20 வரை எல்லாம் போகிறது. மிஞ்சிய 24-க்கும் 25-க்கும் நடுவிலுள்ள கோடும் போகிறது. கிடைப்பது 2023-2425. இரண்டு ஆண்டுகளுக்கான அனுமதி நானூறு ஆண்டுகளுக்கு மேல் நீண்டுவிட்டது. செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கே இன்னும் நானூறு வயது ஆகவில்லை என்பதை நினைத்துக்கொண்டேன்.

வழக்கு அந்த மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே நீதிபதிகளையும் மக்களே பத்தாண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது தனிக் கதை. எண்களை அடிப்பதற்கு அரசியலமைப்பில் தடை இல்லை என்று நான்குக்கு மூன்று என்ற கணக்கில் 2025 ஏப்ரல் 18 அன்று தீர்ப்பு வந்தது.

அதற்குச் சரியாகப் பத்து நாள் முன்பு, ஏப்ரல் 8 அன்று, டெல்லியில் நம் உச்ச நீதிமன்றம் இன்னோர் ஆளுநரின் பேனாவைப் பற்றித் தீர்ப்பளித்திருந்தது. தமிழ்நாடு சட்டமன்றம் இரண்டாம் முறையும் நிறைவேற்றி அனுப்பியும் ஒப்புதல் கிடைக்காத பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருதப்படும் என்றது அது. அவற்றில் பெரும்பாலானவை பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனம் பற்றியவை. அதே ஆண்டு நவம்பர் 20 அன்று, குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதிலளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதும் வழியும் கிடையாது என்று கருத்துத் தெரிவித்தது. காரணமே இல்லாமல் நெடுநாள் கிடப்பில் போட்டால் மட்டும், முடிவெடுக்கும்படி சொல்லலாம் என்று ஒரு சிறு கதவைத் திறந்துவைத்தது.

ஒரு பேனா எழுதியதை அடித்து நானூறு ஆண்டு ஆக்கியது. மற்றொரு பேனா எழுதவே இல்லை. எது மேல் என்று என்னைக் கேட்டால், நான் எவர்ஸ் செய்ததை மெச்சமாட்டேன். மக்கள் பிரதிநிதிகள் இரண்டு என்று எழுதியதை நானூறு என்று ஆக்குவது சாமர்த்தியம்தானே தவிர, நல்ல ஆட்சிமுறை ஆகாது. ஆனால் அந்தக் கையெழுத்தின் மீது கோபம் வந்தால் அதைக் கொண்டுபோய்ப் போட அங்கே ஒரு பெட்டி இருக்கிறது. துணைவேந்தர் இல்லாத பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்காகக் காத்திருந்த மாணவருக்கு, கிண்டி மதிலைத் தவிர வேறு முகவரி இருந்ததா?

அப்படியானால் நாமும் ஆளுநரைத் தேர்ந்தெடுத்துவிடலாமே என்றாள் அக்கா மகள். நம் அரசியல் நிர்ணய சபையின் முதல் திட்டத்தில் அப்படித்தான் இருந்தது. 1947-இல், வயது வந்தோர் வாக்குரிமையின்படி மக்களே ஆளுநரைத் தேர்ந்தெடுப்பது என்றுதான் தீர்மானித்தார்கள். 1949 மே மாத இறுதியில் நடந்த விவாதத்தில் நேருவும் ஆதரிக்க, அது நியமனப் பதவியாக மாறியது. மக்கள் வாக்கில் வந்த ஆளுநரும் மக்கள் வாக்கில் வந்த முதலமைச்சரும் ஒரே உறையில் இரண்டு கத்திகளாவார்கள் என்ற அச்சம் அதற்கு முக்கியமான காரணம். அந்த அச்சம் நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். எனக்கு வேண்டியது ஆளுநர் தேர்தல் அல்ல. மசோதா தபால் பெட்டியில் விழுந்த கடிதம்போல் காணாமல் போகாமல் இருந்தால் போதும்.

அவளுக்கு வேண்டியது வேறு. டிசம்பரில் வந்த சொத்துவரிச் சீட்டைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாள். காணொளி அழைப்பில் காட்டினாள். மாநில அரசு தன் மானியத்தை உயர்த்தாவிட்டால், அந்த 325 டாலர் பெரும்பாலும் வீட்டு உரிமையாளர்களின் சொத்துவரியில்தான் வந்து விடியும். குடியரசுக் கட்சியினர் இதைத்தான் பிரசாரத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். அந்தப் பணத்தில்தான் பள்ளியும் நடக்கிறது. எவர்ஸ் போன பிறகும் அந்த எண் சட்டத்தில் இருக்கும். அடுத்து வருகிறவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்பதே அவள் எல்லா வேட்பாளர்களிடமும் தேடும் பதில்.

அதற்கு முன் ஆகஸ்ட் 11 அன்று கட்சிகளின் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தல் இருக்கிறது. அங்கே கட்சி உறுப்பினராகப் பதிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே கட்சியின் பட்டியலில் மட்டும்தான் வாக்களிக்க வேண்டும், கலந்து போட்டால் செல்லாது. எந்தப் பட்டியல் என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. அன்று செவ்வாய்க்கிழமை, விடுமுறை கிடையாது, வேலைக்குப் போகும் வழியில் போட்டுவிட்டுப் போவேன் என்றாள். "ஓட்டுப் போட லீவுகூட விடமாட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, அம்மா கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.