வால்வு கைடைப் பார்த்துவிட்டு வால்வு சீட்டைத் தொடு

1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர். அதனாலோ என்னவோ, கேரளத்துப் புனலூர்க்காரர்களுக்கு அது இன்றும் பக்கத்து வீடு மாதிரி. 1991இல் அங்குள்ள தொழிற்பயிற்சி நிலையத்தில் நான் இரண்டாம் ஆண்டு படித்தபோது, புனலூர் டாக்சிக்காரச் சேட்டன் ஒருவர் தன் பெட்ரோல் அம்பாசிடரை விட்டுப் போனார். ஆரியங்காவு மலை இறங்கி, புளியரையில் ஆக்சிலேட்டரை மிதித்தால் குப்பென்று நீலப் புகை. ஆயிலும் குடித்தது. கார்த்திகை பிறந்தால் சபரிமலை சவாரி. அதற்குள் வண்டி வேண்டும் என்றார்.

எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, எட்டு வால்வையும் அவை ஏறி இறங்கும் குழலான கைடில் விட்டு ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை. சரி என்று வால்வு வந்து உட்காரும் விளிம்பான சீட்டை வெட்டி, வால்வை அதில் வைத்துத் தேய்த்து லேப்பிங் போட்டு, ஒழுகுகிறதா என்று பார்க்க வால்வுக்குப் பின்னாலுள்ள வழியான போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றினேன். ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. எனக்கு ஒரே பெருமை. மூன்றே வாரத்தில் அதே புகையோடு வண்டி திரும்பி வந்தது.

பாடம் எடுத்த சார் திட்டவில்லை. "ஏலே, கைடுக்குள்ள பிரஷ் விட்டியா?" என்று மட்டும் கேட்டார். விடவில்லை. கரியைத் தேய்த்து எடுத்ததும், காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் இன்டேக் வால்வுகள் நன்றாகவே ஆடின. இத்தனை நாள் தேய்மானத்தைக் கரி அடைத்து வைத்திருந்திருக்கிறது. அப்புறம் துளையின் உள்ளளவு எடுக்கும் ஸ்ப்ளிட் பால் கேஜும் மைக்ரோமீட்டரும் கொடுத்து அளக்கச் சொன்னார். மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடம். ஒவ்வொரு இடத்திலும் வால்வை அமுக்கும் ராக்கர் தள்ளும் வாக்கில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை. வால்வுத் தண்டான ஸ்டெம்மின் அளவைக் கழித்துப் பார்த்தால் நடுவில் இடைவெளி 0.05 மில்லிமீட்டர். இரு முனைகளிலும் ராக்கர் வாக்கில் 0.15! புனல் வாய் மாதிரி விரிந்து, முட்டையாகத் தேய்ந்திருந்தது. மலை இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டிருப்பதால், காற்று வழியில் உள்ள தடுப்பான த்ராட்டில் மூடியிருக்கும். இன்டேக்கில் உண்டாகும் வெற்றிடம் அந்த வழியாகத்தான் ஆயிலை உறிஞ்சியிருக்கிறது. மண்ணெண்ணெய்க்கு இதெல்லாம் தெரியாது, அது சீட்டை மட்டும்தான் சொல்லும்.

எனக்கு உறைத்தது அடுத்ததுதான். சீட் வெட்டும் கட்டருக்கு வழிகாட்டும் தண்டான பைலட் நிற்பதே கைடுக்குள். கைடு தேய்ந்திருந்தால் சீட்டும் கோணலாகத்தான் விழும். ஆக, நான் செய்த வேலை முழுவதும் வீண். பழைய கைடு எவ்வளவு உயரம் வெளியே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு தட்டி எடுத்தோம். புதியதை இறக்கி, துளையைச் சரியான அளவுக்குச் சீவும் ரீமர் விட்டு, பிறகு சீட்டை முதலிலிருந்து வெட்டினோம். இன்று மஸ்கட்டில் என் பட்டறைக்கு ஹெட் வந்தால், பையன்களிடம் நான் முதலில் கேட்பது பிரஷ்தான்.

கார்த்திகை முதல் வாரம் நானும் சாரும் புளியரை வளைவில் நின்றோம். சாமிமார்களோடு சேட்டன் இறங்கி வந்தார். எங்களைக் கண்டதும் வேண்டுமென்றே ஒரு மிதி மிதித்தார். பின்னால் புகையே இல்லை. சார் ஒன்றும் பேசாமல் சைக்கிளை எடுத்தார்.