காஸ்டிக் சேராத சோப்பு

வீட்டிலேயே சோப்பு தயாரித்து விற்பவர்கள் பெருகிவிட்ட இந்நாளில், 'காஸ்டிக் சோடா சேர்க்காதது' என்ற விளம்பரம் அடிக்கடி கண்ணில் படுகிறது. அது உண்மையான சோப்புக் கட்டி என்றால் அந்த விளம்பரம் உண்மையாக இருக்க வழியில்லை. எண்ணெயுடன் காஸ்டிக் சோடா போன்ற கடுமையான காரம் (அமிலத்துக்கு எதிரான வேதிப்பொருள்) வினைபுரிந்து, சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறுவதுதான் சோப்புத் தயாரிப்பு. உருக்கி அச்சில் ஊற்றும் ஆயத்தக் கட்டிகளை வாங்குபவர்களுக்கு, பெரும்பாலும் அந்த வேலையை ஏதோ ஒரு தொழிற்சாலை முன்பே முடித்துக் கொடுத்திருக்கும், அவ்வளவுதான். காஸ்டிக் அறவே வேண்டாம் என்பவர்கள் சீயக்காய்க்கும் பூந்திக்கொட்டைக்கும் போகலாம். அவற்றில் நுரை தருவது சப்போனின் என்ற இயற்கைப் பொருள்.

நாம் கேட்க வேண்டியது, செய்து முடித்த கட்டியில் காஸ்டிக் மிச்சமிருக்கிறதா என்பதையே. அதைத் தீர்மானிப்பது எடை. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். அதே அளவு ஆலிவ் எண்ணெய்க்குச் சுமார் 135 கிராம் போதும். ஆகவே தேங்காய் எண்ணெய்க்குச் சொன்ன அளவை ஆலிவ் எண்ணெய்க்கு அப்படியே போட்டால், மிஞ்சிய காரம் தோலை எரிக்கும். பழகியவர்கள் கணக்கில் வருவதைவிட 5 சதவீதம் போலக் குறைத்தே சேர்ப்பார்கள். சிறிது எண்ணெய் மிஞ்சுவதால் கெடுதல் இல்லை. கரண்டிக் கணக்கில் அளவு சொல்லும் காணொளிகளை நான் நம்புவதில்லை. திறந்து வைத்த காஸ்டிக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், பழைய டப்பாவில் இருப்பதை எடை போட்டாலும் கணக்குத் தவறும்.

கொழுப்பைச் சோப்பாக்கும் அதே குணத்தால்தான், காஸ்டிக் தோலில் பட்டால் திசுவைக் கரைத்துக்கொண்டு ஆழமாக இறங்குகிறது. கரைசல் தயாரிக்கும்போது தண்ணீரில் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகப் போட வேண்டுமே தவிர, காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கடும் வெப்பம் எழுந்து தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் உதவாது, ஏனெனில் அது அரிக்கப்படுவதோடு எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரும். உடலில் பட்டுவிட்டால் எலுமிச்சைச் சாறு, வினிகர் என்று தேடிக்கொண்டிருக்காமல், ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் உடனே கழுவத் தொடங்கி, தாமதமின்றி மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.